விடுமுறைக்குச் சிங்கப்பூர் வரும் தாத்தா பாட்டிகளுக்கு: பிள்ளைகளை எதிர்பாராமல் வெளியே போய்வர ஒரு வழிகாட்டி

மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ சிங்கப்பூர் வரும் பெரியவர்கள் பலருக்கு வார நாள்கள் ஒரே மாதிரிதான் போகின்றன. காலை எட்டு மணிக்குள் வீடு காலியாகிவிடும். சமையலை முடித்து, தொலைக்காட்சியைப் போட்டு, பன்னிரண்டாம் மாடி ஜன்னல் வழியே கீழே போகும் பஸ்களைப் பார்த்துக்கொண்டு சனிக்கிழமைக்காகக் காத்திருக்கிறார்கள். சனிக்கிழமை வந்தால் ஒரே நாளில் மூன்று இடங்கள். இரவு பத்து மணிக்கு வீங்கிய காலோடு திரும்பி, ஞாயிறு முழுவதும் படுக்கை.

இந்த இரண்டுமே தேவையில்லை. முதியவர்கள் தனியாகப் போய்வர இவ்வளவு வசதியான ஊர்கள் உலகில் அதிகம் இல்லை. மேடு பள்ளம் குறைந்த நடைபாதை, எல்லா எம்ஆர்டி (நகர ரயில்) நிலையங்களிலும் மின்தூக்கி, திரும்பிய பக்கமெல்லாம் உட்கார இடம், சுத்தமான கழிப்பறை. தமிழ் இந்த நாட்டின் நான்கு அதிகாரபூர்வ மொழிகளில் ஒன்று என்பதால் பல அறிவிப்புப் பலகைகளில் நம் எழுத்தும் இருக்கும். ஒரு மாதம் தங்க வருகிறீர்கள் என்றால், முதல் வாரத்தை வீடு இருக்கும் பேட்டையைப் பழகுவதற்குக் கொடுங்கள். அதன் பிறகு ஒரு நாளுக்கு ஓர் இடம், அதுவும் அரை நாள் மட்டும். இந்த வரிசையைப் பிடித்தவர்கள் ஊரைப் பார்த்த நிறைவோடு போவதை நான் கண்டிருக்கிறேன். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதல் படி: ஊரில் கிளம்பும் முன்

இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கு விசா வேண்டும். அதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் வருகை அட்டை என்ற இன்னொன்றும் உண்டு. சிங்கப்பூர் வந்து இறங்கும் நாளோடு சேர்த்து மூன்று நாள்களுக்குள் அதைக் குடிநுழைவு ஆணையத்தின் இணையத்தளத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. பணம் கேட்கும் தளமாக இருந்தால் அது அரசாங்கத் தளம் அல்ல. எத்தனை நாள் தங்கலாம் என்ற விவரம் மின்னஞ்சலில்தான் வரும். ஆகவே நீங்கள் திறந்தே பார்க்காத முகவரியைக் கொடுக்காமல் பிள்ளைகளின் முகவரியைக் கொடுங்கள். விசாவில் எழுதியிருக்கும் நாள்களும் தங்க அனுமதிக்கும் நாள்களும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. வந்த அன்றே அந்த மின்னஞ்சலைப் படித்து, கடைசித் தேதியை நாள்காட்டியில் குறித்துவிடுங்கள்.

மருந்துகளை அட்டைப் பெட்டியோடும் மருத்துவரின் சீட்டோடும் கொண்டு வாருங்கள். சொந்தப் பயன்பாட்டுக்கு மூன்று மாதத்துக்கு உரிய அளவு வரை கொண்டுவரலாம். சில தூக்க மாத்திரைகளுக்கும் கோடீன் கலந்த வலி மருந்து, இருமல் மருந்துகளுக்கும் முன் அனுமதி தேவைப்படும். அவற்றைப் பிள்ளைகளிடம் சொல்லி முன்பே சரிபார்க்கச் சொல்லுங்கள். மெல்லும் புகையிலை இங்கே தடை. வெற்றிலைப் பெட்டியில் அதைச் சேர்த்து வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் அதை ஊரிலேயே விட்டுவிட்டு வர வேண்டும்.

மருத்துவக் காப்பீடு இல்லாமல் வர வேண்டாம். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கிடைக்கும் மருத்துவ மானியம் வருகையாளருக்குக் கிடையாது. ஓர் இரவு மருத்துவமனையில் தங்கினாலே பெரிய தொகை ஆகிவிடும். ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய்க்கும் சேர்த்து ஈடு தரும் காப்பீடா என்று கேட்டு வாங்குங்கள்.

புதுப் பட்டுப் புடவையைவிடப் பெட்டியில் இடம் பெற வேண்டியது ஒரு நல்ல நடைக் காலணி. மழை பெய்த தரையில் வழுக்காத அடிப்பாகம் உள்ளதாக வாங்கி, ஊரிலேயே ஒரு வாரம் போட்டு நடந்து பழகிவிட்டு வாருங்கள்.

இரண்டாம் படி: முதல் மூன்று நாள், வீட்டைச் சுற்றி மட்டும்

சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. ஊரில் ஐந்து மணிக்கு எழுந்து பழகியவருக்கு இங்கே ஏழரை மணிக்குத்தான் விழிப்பு வரும். சூரியனும் காலை ஏழு மணி வாக்கில்தான் உதிக்கும். ஆறு மணிக்கு வெளியே வந்தால் நள்ளிரவு போல இருட்டாக இருக்கும். ஆனால் விளக்கு வெளிச்சத்தில் ஆட்கள் நடந்துகொண்டுதான் இருப்பார்கள். பயப்பட ஒன்றும் இல்லை. இரண்டு மூன்று நாளில் உடல் பழகிவிடும்.

முதல் நாளே ஒரு சிறு அட்டையில் இவற்றைப் பிள்ளைகளிடம் எழுதி வாங்கிச் சட்டைப் பையிலோ கைப்பையிலோ வைத்துக்கொள்ளுங்கள்: புளோக் (அடுக்குமாடிக் கட்டடம்) எண், தெருப் பெயர், மாடியும் வீட்டு எண்ணும், ஆறு இலக்க அஞ்சல் குறியீடு, வீட்டுக்குப் பக்கத்து பஸ் நிறுத்தத்தின் ஐந்து இலக்க எண், இரண்டு பேருடைய கைப்பேசி எண்கள். நம் ஊரில் பின்கோடு ஒரு வட்டாரத்துக்கே பொது. இங்கே ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனி எண். டாக்சி ஓட்டுநரிடம் அந்த ஆறு இலக்கத்தைக் காட்டினால் போதும், புளோக் வாசலில் கொண்டுவந்து விட்டுவிடுவார். அரசாங்க வீடமைப்பு நிறுவனமான வீவகவின் புளோக்குகள் எல்லாம் பார்க்க ஒன்று போலவே இருக்கும். ஆனால் சுவரின் பக்கவாட்டில் எண் பெரிதாக எழுதியிருக்கும். அந்த எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டால் வழி தவறாது.

அசல் கடப்பிதழை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு, அதன் நகலை மட்டும் கையில் எடுத்துச் செல்லுங்கள்.

இந்த மூன்று நாளில் செய்ய வேண்டியவை எளிமையானவை. புளோக்கை ஒரு சுற்று வாருங்கள். ஈரச்சந்தை (காய்கறி, மீன், இறைச்சி விற்கும் சந்தை) எங்கே, காப்பிக்கடை எங்கே, மருந்தகம் எங்கே, கழிப்பறை எங்கே என்று பார்த்து வையுங்கள். சாலையைக் கடக்க எப்போதும் விளக்கு உள்ள இடத்துக்கோ வரிக்கோட்டுக்கோ போங்கள். பத்தடி குறைகிறது என்று நடுவில் குறுக்கே போனால் அபராதம் உண்டு. வாகனங்களும் நம் ஊரில்போல ஒதுங்கி வழிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

மாலை ஆறு மணிக்குக் கீழே விளையாட்டுத் திடலுக்குப் பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். பொங்கோல், செங்காங், தெம்பனீஸ், சுவா சூ காங் என்று எந்தப் பேட்டையானாலும், விடுமுறைக் காலத்தில் உங்களைப் போலவே திருச்சியிலிருந்தோ கும்பகோணத்திலிருந்தோ வந்த இன்னொரு தாத்தா பாட்டி அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. தயங்காமல் நீங்களே முதலில் பேசுங்கள். அடுத்த வாரம் சேர்ந்து போக ஒரு துணை கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஒரு பழக்கத்தை மட்டும் இங்கே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். சமைத்ததும் காக்கைக்கு ஒரு பிடி சோறு வைத்துவிட்டுச் சாப்பிடுகிறவர்கள் நம்மில் பலர். சிங்கப்பூரில் காட்டுப் பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் உணவு வைப்பது சட்டப்படி குற்றம். புறாவும் இதில் அடக்கம். அபராதமும் கனமானது. அமாவாசை, திதி நாள்களில் இது மனத்தை உறுத்தும் என்பது எனக்குப் புரிகிறது. பூசை அறையில் படைத்துவிட்டு வீட்டிலுள்ளோர் சாப்பிடுவதே இங்கு பல குடும்பங்களின் வழக்கம்.

மூன்றாம் படி: பஸ், ரயில் அட்டை

ஆளுக்கு ஓர் ஈஸிலிங்க் அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். இந்திய வங்கி அட்டையைத் தட்டியும் பயணம் செய்யலாம். ஆனால் வெளிநாட்டு அட்டைகளுக்குக் கூடுதலாக நிர்வாகக் கட்டணம் பிடிப்பார்கள். ஒரே அட்டையை இருவர் பயன்படுத்த முடியாது. மூத்தோருக்கான சலுகைக் கட்டணம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். வருகையாளர் முழுக் கட்டணம் கொடுக்க வேண்டும். முழுக் கட்டணம் என்றாலும் ஒரு பயணம் பெரும்பாலும் இரண்டு வெள்ளியை, அதாவது இரண்டு சிங்கப்பூர் டாலரைச் சுற்றித்தான் வரும். பஸ்ஸிலிருந்து ரயிலுக்கு உடனே மாறினால் இரண்டையும் ஒரே பயணமாகக் கணக்கிடுவார்கள்.

பஸ் வரும்போது கையை நீட்டுங்கள். நீட்டாவிட்டால் நிற்காமல் போய்விடலாம். முன்வாசலில் ஏறி அட்டையைத் தட்ட வேண்டும். இறங்கும்போது பின்வாசலில் மறுபடியும் தட்ட வேண்டும். இறங்கும்போது தட்ட மறந்தால் அந்த வழித்தடத்தின் கடைசி நிறுத்தம் வரைக்குமான கட்டணம் போய்விடும். ஏறியதும் உட்காருங்கள். உட்காரும் முன் பஸ் நகர்ந்துவிடும், ஆகவே ஏறிய கணமே ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். மாடி பஸ்ஸின் மேல்தளத்து முன் இருக்கையில் உட்கார்ந்தால் ஊரே தெரியும் என்பது உண்மைதான். முட்டி வலி உள்ளவர்கள் கீழேயே இருங்கள். ஓடும் வண்டியில் அந்தப் படிக்கட்டில் இறங்குவது ஆபத்து.

ரயிலில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. உணவுக்கும் பானத்துக்கும் 500 வெள்ளி வரை அபராதம் உண்டு. மாத்திரை போட வேண்டுமானால் ஏறும் முன்னே போட்டுவிடுங்கள். மின்படிக்கட்டு நம் ஊர்க் கடைகளில் உள்ளதைவிட வேகமாக ஓடும். புடவை, வேட்டி கட்டியவர்கள் அதைத் தவிர்த்து மின்தூக்கியைத் தேடிப் போவதுதான் நல்லது. சற்றுச் சுற்று என்றாலும் போங்கள். வண்டிக்குள் முன்னுரிமை இருக்கைகள் உங்களுக்காகத்தான் இருக்கின்றன. இளைஞர்கள் எழுந்து இடம் கொடுத்தால் வேண்டாம் என்று மறுக்காமல் உட்காருங்கள்.

காலை ஏழரை முதல் ஒன்பதரை வரையும் மாலை ஐந்தரை முதல் எட்டு வரையும் ரயிலில் நெரிசல். காலை பத்து மணிக்குக் கிளம்பி மதியம் இரண்டு மணிக்குள் திரும்புவதாக வைத்துக்கொண்டால் போகும்போதும் வரும்போதும் உட்கார இடம் கிடைக்கும்.

நான்காம் படி: முதல் தனிப் பயணம்

முதலில் போக வேண்டிய இடமாக நான் சொல்வது நூலகம். பெரியவர்கள் பலர் இதைக் கேட்டு வியப்படைகிறார்கள். தெம்பனீஸ், உட்லண்ட்ஸ், ஜூரோங் போன்ற இடங்களில் பெரிய வட்டார நூலகங்கள் இருக்கின்றன. உறுப்பினர் அட்டை எதுவும் இல்லாமல் யாரும் உள்ளே போய் நாள் முழுக்க உட்கார்ந்து படிக்கலாம். குளிர்சாதனம், நல்ல நாற்காலி, கழிப்பறை எல்லாம் உண்டு. 1935இல் தொடங்கி இன்றும் வெளிவரும் தமிழ் முரசு நாளிதழை அங்கே புரட்டினால் இந்த ஊரில் என்ன நடக்கிறது, எந்தக் கோயிலில் என்ன விழா என்பதெல்லாம் தெரிந்துவிடும். தமிழ்ப் புத்தகங்களை இரவல் எடுக்கப் பேரப்பிள்ளையின் அட்டை போதும்.

பேரப்பிள்ளை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஜூன் மாதத்திலும், நவம்பர் பிற்பாதியிலிருந்து டிசம்பர் முடியும் வரையிலும் பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை. ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைக்கு இங்குள்ள பஸ், ரயில் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. அந்தப் பிள்ளையை உங்கள் வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். “தாத்தா, இந்த நிறுத்தத்தில் மணியை அழுத்துங்கள்” என்று சொல்லிக் கொடுப்பதில் அவர்களுக்கு ஏற்படும் பெருமையே தனி. வழி நெடுக அவர்கள் தமிழில் பேசியாக வேண்டும் என்பது கூடுதல் லாபம். பெற்றோர் வீட்டில் ஆயிரம் முறை சொல்லியும் வாயில் வராத தமிழ், பாட்டிக்கு வழி சொல்லும்போது தானாக வருகிறது.

நூலகத்திலிருந்து திரும்பும் வழியில் உணவங்காடி நிலையத்தில் ஒரு தேநீர் குடியுங்கள். சீனி வேண்டாம் என்றால் ‘கொசோங்’ என்று சொல்ல வேண்டும். ‘தே ஓ கொசோங்’ என்றால் பாலும் சீனியும் இல்லாத தேநீர். ‘தே சி கொசோங்’ என்றால் சீனி இல்லாத பால் தேநீர். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்த இரண்டையும் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். வெறுமனே ‘தே’ என்று கேட்டால் இனிப்பான கட்டிப் பால் ஊற்றித் தருவார்கள். இஞ்சித் தேநீருக்குத் ‘தே ஹாலியா’. மேசை மேல் ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் கிடந்தால் அந்த இடம் யாரோ பிடித்து வைத்தது. சாப்பிட்டு முடித்ததும் தட்டையும் கோப்பையையும் நீங்களே எடுத்துக்கொண்டுபோய் அதற்குரிய அடுக்கில் வைக்க வேண்டும். 2021 முதல் இது கட்டாயம். ஹலால் தட்டுகளுக்குத் தனி அடுக்கு இருக்கும், பார்த்து வையுங்கள்.

சைவ உணவுக்காரர்கள் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். சீனச் சைவக் கடைகளில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்காத சமையல் கிடைக்கும். ஆனால் சில இடங்களில் முட்டை சேர்ப்பார்கள். மலாய்க் குழம்புகளில் கண்ணுக்குத் தெரியாமல் பெலச்சான் என்ற இறால் விழுது இருக்கும். கேட்டுவிட்டு வாங்குங்கள். கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஐந்தாம் படி: தேக்காவும் நம் வழிபாட்டு இடங்களும்

இரண்டாம் வாரத்தில் தேக்காவுக்கு, அதாவது லிட்டில் இந்தியா வட்டாரத்துக்குப் போகலாம். லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்தின் ‘சி’ வாயில் வழியே ஏறினால் தேக்கா நிலையம் என்ற சந்தைக் கட்டடத்தின் பக்கத்திலேயே வந்துவிடுவீர்கள். கீழ்த்தளத்தில் ஈரச்சந்தையும் சாப்பாட்டுக் கடைகளும், மாடியில் துணிக் கடைகளும் இருக்கின்றன. முருங்கைக்கீரை, வாழைப்பூ, மாவடு, நாட்டுக் கத்தரிக்காய் என்று ஊரில் கிடைப்பதில் பெரும்பாலானவை இங்கே கிடைக்கும். சந்தைக் கடைகள் மதியத்துக்குள் கட்டத் தொடங்கிவிடும். ஆகவே முதலில் சந்தை, பிறகு மற்றவை.

சந்தையிலிருந்து சிராங்கூன் சாலையில் நடந்தால் வீரமாகாளியம்மன் கோயில். அதே சாலையில் இன்னும் கால் மணி நேரம் போல நடந்தால் சீனிவாசப் பெருமாள் கோயில். தைப்பூசத்தன்று காவடிகள் புறப்படுவது இங்கிருந்துதான். டேங்க் சாலையிலுள்ள தெண்டாயுதபாணி கோயில் வரை அந்த ஊர்வலம் போகும். நடக்க முடியாதவர்கள் பெருமாள் கோயிலுக்கு ஃபேரர் பார்க் நிலையத்தில் இறங்கிக்கொள்ளலாம். கோயில்கள் நண்பகலில் நடை சாத்தி மாலையில்தான் திறக்கும். பத்து மணிக்குத் தேக்கா வந்துசேர்ந்தால் சந்தை, ஒரு கோயில், சாப்பாடு மூன்றும் நிதானமாக முடியும். சாப்பிட, சைவ உணவுக்கே பெயர் பெற்ற பழைய கடைகள் அங்கேயே இருக்கின்றன. கோமள விலாஸ் 1947 முதல் இயங்கி வருகிறது.

கேம்பல் லேனில் 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம் இருக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை. வருகையாளருக்குக் கட்டணம் உண்டு. என் கணிப்பில் கொடுக்கும் காசுக்குத் தகுந்த இடம். செதுக்கு வேலைப்பாடு நிறைந்த செட்டிநாட்டு மரவாசல் ஒன்று அங்கே நிற்கிறது. காரைக்குடிப் பக்கத்துக்காரர்கள் அதன் முன் நின்று பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்லலாம். நம் மக்கள் இந்தத் தீவுக்கு எப்படி வந்தார்கள், என்ன வேலை செய்தார்கள் என்பதைப் பொருள்களோடு பார்க்கலாம்.

ஞாயிறு மாலை தேக்கா வேறு மாதிரி இருக்கும். வாரம் முழுக்க உழைத்த ஊழியர்கள் நண்பர்களைப் பார்க்கவும் பொருள் வாங்கவும் வரும் நாள் அது. தெருவெங்கும் தமிழ்க் குரல்தான். கூட்டம் பிடிக்கும் என்றால் ஒருமுறை பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு போய்வாருங்கள். தள்ளாமை உள்ளவர்கள் வார நாள் காலையில் போங்கள்.

தெற்குப் பாலச் சாலையிலுள்ள (சவுத் பிரிட்ஜ் ரோடு) மாரியம்மன் கோயிலுக்கு இன்னொரு நாளை ஒதுக்குங்கள். 1827இல் எழுந்த இக்கோயில்தான் சிங்கப்பூரின் ஆகப் பழைய இந்துக் கோயில். அது சைனாடவுனின் நடுவே இருக்கிறது. தீபாவளிக்கு முன்பாக இங்கே தீமிதித் திருவிழா நடக்கும். அங்கிருந்து சற்று நடந்தால் தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா. 1828க்கும் 1830க்கும் இடையே தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டியது. நாகூர், நாகப்பட்டினம் பக்கத்தினர் அதைப் பார்த்ததும் மலர்ந்துபோகிறார்கள். ஓஃபிர் சாலையிலுள்ள லூர்து மாதா ஆலயம் 1888இல் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகக் கட்டப்பட்டது. அங்கு தமிழ்த் திருப்பலி நடக்கிறது. உங்கள் சமயம் எதுவானாலும், முதல் வாரத்திலேயே வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள கோயிலையோ பள்ளிவாசலையோ தேவாலயத்தையோ கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை போய்வரப் பழகிய இடம் ஒன்று இருந்தால் அந்நிய ஊர் என்ற எண்ணமே போய்விடும்.

ஆறாம் படி: பூமலை

ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் பூமலையைத்தான், அதாவது பொட்டானிக் கார்டன்ஸ் என்ற தாவரவியல் பூங்காவைத்தான் சொல்வேன். 1859இல் உருவான இந்தப் பூங்கா 2015இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைத் தலமானது. நுழைவுக் கட்டணம் இல்லை. அதிகாலை ஐந்து மணிக்கே திறந்துவிடும்.

எந்த வாசல் வழியே போகிறீர்கள் என்பது இங்கே முக்கியம். பூங்காவின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடப்பது பெரியவர்களுக்கு ஆகாத காரியம். பூமலை எம்ஆர்டி நிலையத்தில் இறங்கினால் புக்கிட் தீமா பக்கம் வந்து சேர்வீர்கள். சின்னப் பிள்ளைகள் உடன் இருந்தால் சிறுவர் தோட்டத்துக்கு அது வசதி. அன்னக் குளம், பெரிய பழைய மரங்கள், புல்வெளி எல்லாம் மறுபக்கம், டாங்ளின் வாசல் அருகில். அதற்கு நேப்பியர் நிலையத்தில் இறங்க வேண்டும். அந்தப் பக்கம் கம்பி வேலிக்குள் ஒரு மாபெரும் தெம்புசு மரம், தரையோடு தரையாகக் கிளை நீட்டி நிற்கும். ஐந்து வெள்ளி நோட்டை எடுத்து அதன் பின்பக்கத்தைப் பேரப்பிள்ளையிடம் காட்டுங்கள். அந்த மரமேதான் அதில் இருக்கிறது. மரத்தையும் நோட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துப் பிள்ளைகள் குதிப்பார்கள்.

நம்மவர்களுக்கு இந்தப் பூங்காவோடு இன்னோர் உறவும் உண்டு. 1877இல் இங்கே ரப்பர்க் கன்றுகள் வந்தன. 1888இல் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் முறையை இங்கேதான் கண்டறிந்து பரப்பினார். மலாயா முழுவதும் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. அத்தோட்டங்களில் பால் வெட்டத் தஞ்சையிலிருந்தும் சேலத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் கப்பலேறினார்கள். உங்கள் குடும்பத்திலேயே ‘மலாயாவுக்குப் போன பெரிய தாத்தா’ ஒருவர் இருக்கக்கூடும். இருந்தால் அந்தக் கதையைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. வீட்டில் சொன்னால் காதில் வாங்காத பிள்ளைகள் மரத்தடியில் கேட்பார்கள்.

நடுவில் உள்ள தேசிய ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் கட்டணம் உண்டு. சிங்கப்பூரின் தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிமை அங்கே பார்க்கலாம். எந்தக் கட்டண வாசலிலும் மூத்தோர் கட்டணம் உண்டா என்று கேட்டுவிடுங்கள். சில இடங்களில் அது உள்ளூர்வாசிகளுக்கு மட்டும், சில இடங்களில் வயதைக் காட்டினால் எல்லாருக்கும் தருவார்கள். கடப்பிதழ் நகல் அப்போது உதவும். காலை ஏழரை மணிக்கு வந்து பத்து மணிக்குள் கிளம்பிவிடுவது வெயிலுக்கு நல்லது.

ஏழாம் படி: மாலை நேர இடங்கள்

இவற்றுக்குப் பிள்ளைகளோடு போங்கள். கரையோரப் பூந்தோட்டங்களில் (கார்டன்ஸ் பை தி பே) 25 முதல் 50 மீட்டர் வரை உயரமுள்ள செயற்கைப் பெருமரங்கள் இருக்கின்றன. தினமும் இரவு 7.45க்கும் 8.45க்கும் இசையோடு விளக்குக் காட்சி நடக்கும். இலவசம். அரை மணி முன்னதாகப் போனால் உட்கார இடம் பிடிக்கலாம். கண்ணாடிக் கூடங்கள் இரண்டுக்கும் கட்டணம் உண்டு. உள்ளே நன்றாகக் குளிரும், ஒரு சால்வை எடுத்துப் போங்கள்.

அங்கிருந்து பக்கத்திலேயே மரினா அணை. 2008இல் திறந்தது. அதன் கூரையே ஒரு புல்வெளி. மாலையில் குடும்பங்கள் பட்டம் விடுகின்றன. காற்று அள்ளிக்கொண்டு போகும். செலவில்லாமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

தீபாவளியை ஒட்டிச் சிராங்கூன் சாலையிலும், கிறிஸ்துமஸை ஒட்டி ஆர்ச்சர்ட் சாலையிலும் ஒளியூட்டு. ஜனவரி வரை தங்குகிறவர்களுக்கு லிட்டில் இந்தியாவில் பொங்கல் ஒளியூட்டும் கிடைக்கும். ஆர்ச்சர்டை இரவில் நடந்து பார்ப்பதைவிட பஸ்ஸில் உட்கார்ந்து பார்ப்பது காலுக்கு நல்லது.

எட்டாம் படி: பெரிய கட்டண இடங்கள்

மண்டாய் விலங்குத் தோட்டம், அதன் அருகில் 2023இல் திறந்த பறவைகள் பூங்கா, செந்தோசா எல்லாமே நன்றாக இருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு முழு நாள் நடை. ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். விலங்குத் தோட்டம் என்றால் உள்ளே ஓடும் டிராம் வண்டியில் பாதித் தூரத்தைக் கடந்துவிடலாம். சக்கர நாற்காலி கிடைக்குமா என்று முன்பே கேட்டு வையுங்கள். அதில் உட்கார வெட்கப்படத் தேவையில்லை. நான்கு மணி நேரம் வலியில்லாமல் பேரப்பிள்ளைகளோடு இருக்க அது உதவும். ஆட்டம் பாட்டமான கேளிக்கைப் பூங்காக்களுக்குப் பிள்ளைகள் தங்கள் பெற்றோருடன் போகட்டும். அன்று நீங்கள் வீட்டில் ஓய்வெடுங்கள்.

எப்போதும் கைப்பையில் இருக்க வேண்டியவை

குடை, தண்ணீர் புட்டி, சிறு துண்டு, அன்றைய மாத்திரை, சர்க்கரை நோயாளிகளுக்கு இரண்டு மிட்டாய், முகவரி அட்டை. குழாய்த் தண்ணீரையே அப்படியே குடிக்கலாம், காசு கொடுத்து வாங்க வேண்டாம். பொதுக் கழிப்பறைகள் பலவற்றில் காகிதம் மட்டும்தான் இருக்கும், தண்ணீர்க் குழாய் இருக்காது. அதற்கென ஒரு சிறு காலிப் புட்டியும் வைத்துக்கொள்ளுங்கள். இதைக் கேட்கக் கூச்சப்பட்டே பலர் வெளியில் வரத் தயங்குகிறார்கள்.

நவம்பர் முதல் ஜனவரி வரை பருவமழை. பெரும்பாலும் மதியத்துக்கு மேல் இடி மின்னலோடு கொட்டும். மழை வந்தால் கூரை உள்ள இடத்தில் உட்கார்ந்து காத்திருங்கள். ஈரத் தரையில் அவசரமாக நடந்து விழுவதுதான் பெரியவர்களுக்குப் பெரிய ஆபத்து. அவசர மருத்துவ உதவிக்கு 995, காவல்துறைக்கு 999. இந்த இரண்டையும் கைப்பேசியில் பதிந்து வையுங்கள். வழி தெரியாமல் போனால் அலைய வேண்டாம். பக்கத்து எம்ஆர்டி நிலையத்தின் பணியாளரிடம் முகவரி அட்டையைக் காட்டுங்கள், அல்லது பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துகொண்டு அங்குள்ள ஐந்து இலக்க எண்ணை மகனிடம் தொலைபேசியில் படித்துச் சொல்லுங்கள். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது அவருக்கு உடனே தெரிந்துவிடும்.

கடைசிப் படி: திரும்பும் நாள்

விமானத்துக்கு வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். சாங்கி விமான நிலையத்தோடு சேர்ந்த ஜுவல் கட்டடத்தில் 40 மீட்டர் உயரத்திலிருந்து கொட்டும் உள்ளரங்க அருவி இருக்கிறது. குடிநுழைவுச் சோதனைக்கு முன்பே உள்ள இடம் என்பதால் வழியனுப்ப வந்த குடும்பத்தோடு சேர்ந்தே பார்க்கலாம்.

சிராங்கூன் சாலையில் நகை வாங்கியிருந்தால் இன்னொரு வேலையும் உண்டு. 100 வெள்ளி அல்லது அதற்கு மேல் கொடுத்து வாங்கிய பொருளுக்குச் செலுத்திய 9 விழுக்காடு பொருள் சேவை வரியைச் சுற்றுப்பயணிகள் திரும்பப் பெறலாம். அதற்குக் கடை அந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும், வாங்கும்போதே உங்கள் கடப்பிதழ் விவரத்தைப் பதிந்திருக்க வேண்டும். நகை வாங்கப் போகும் அன்று மட்டும் அசல் கடப்பிதழை எடுத்துச் செல்லுங்கள். விமான நிலையத்தில், பொருள் ஒப்படைக்கும் பெட்டியில் இருந்தால் பெட்டியை ஒப்படைக்கும் முன்பே, கைப்பையில் இருந்தால் குடிநுழைவுச் சோதனைக்குப் பிறகு, அதற்கான இயந்திரத்தில் பதிவு செய்ய வேண்டும். நகையையும் ரசீதையும் கைப்பையில் வைத்திருங்கள், சுங்க அதிகாரி காட்டச் சொல்லலாம். ஊரில் இறங்கும்போது இந்தியச் சுங்க வரம்பும் உண்டு, எவ்வளவு கொண்டுபோகலாம் என்பதை வாங்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ஈஸிலிங்க் அட்டையில் மீதி இருக்கும் காசைத் தீர்க்க வேண்டும் என்று அவசரப்பட வேண்டாம். அட்டை ஐந்து ஆண்டுகள் செல்லும், அடுத்த விடுமுறைக்கும் அதையே கொண்டு வாருங்கள்.